மர்ரே கிரேஃபிஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் ஜூனில் குளிர்காலம் தொடங்கினால் ஆல்பரி, வாகா வாகா, யாரவோங்கா ஊர்ப்பக்கமெல்லாம் மர்ரே கிரேஃபிஷ் பிடிக்க வலையும் வாளியுமாக ஆற்றங்கரையில் ஆட்கள் கூடிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் அவர்களில் உண்டு. பல பேருக்கு அது ‘பெரிய ஆற்று இறால்’ என்ற அளவில்தான் தெரியும். அந்த உயிரைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். மீன்பிடிக்கப் போகாதவர்களுக்கும் இதில் படிக்க நிறைய இருக்கிறது.

மர்ரே கிரேஃபிஷ் என்பது இறாலா, நண்டா?

இரண்டும் இல்லை; இரண்டுக்கும் உறவு. நம் கடற்கரையில் கிடைக்கும் சிங்கி இறாலைப் பார்த்தவர்களுக்கு இதன் வடிவம் உடனே பிடிபடும். ஆனால் இதன் முன்னங்கால்கள் இரண்டும் நண்டின் கொடுக்கைப் போலத் தடித்துப் பெருத்திருக்கும், வாழ்நாள் முழுவதும் நன்னீரிலேயே கழியும். அறிவியல் பெயர் யூஅஸ்டகஸ் ஆர்மேட்டஸ். 1866-இல் ஃபான் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் விவரித்துப் பெயரிட்டார். யூஅஸ்டகஸ் என்ற இந்தப் பேரினத்தில் 50-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. எல்லாமே ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதிக்கு மட்டும் உரியவை. பலவும் ஒரே ஒரு மலைத்தொடரின் குளிர்ந்த ஓடைகளை விட்டு வேறெங்கும் இல்லாதவை. அந்தக் குடும்பத்தில் பெரிய ஆறுகளின் சமவெளி வரை இறங்கி வந்தது மர்ரே கிரேஃபிஷ்.

பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

கொடுக்கைப் பாருங்கள். வளர்ந்த மர்ரே கிரேஃபிஷின் கொடுக்குகள் வெள்ளையாக அல்லது பழுத்த தந்தத்தின் நிறத்தில் இருக்கும். உடல் கரும்பச்சை அல்லது கரும்பழுப்பு. வாலின் ஒவ்வொரு வளையத்திலும் வெளிறிய முட்கள் வரிசையாக நிற்கும். கவனமில்லாமல் பிடித்தால் உள்ளங்கையைக் கிழித்துவிடும்.

எடை 2 கிலோவைத் தாண்டியவையும் பிடிபட்டிருக்கின்றன. உலகின் மிகப் பெரிய நன்னீர் கிரேஃபிஷ் டாஸ்மேனியாவின் வட பகுதி ஆறுகளில் இருக்கிறது. அதற்கு அடுத்த இடம் இதற்கு. ஆனால் இன்று வலையில் ஏறுபவற்றில் பெரும்பாலானவை அந்த அளவுக்கு வெகு தூரம் கீழேதான்.

யாபிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

யாபி என்பது ஆஸ்திரேலியாவின் குளம், குட்டை, வாய்க்கால், பண்ணை அணை எல்லாவற்றிலும் கிடைக்கும் சிறிய கிரேஃபிஷ். ஓடு வழவழப்பாக இருக்கும், முள் கிடையாது. சூடான, கலங்கிய, தேங்கிய நீரிலும் வாழும். வறட்சி வந்தால் மண்ணைத் துளைத்து உள்ளே போய்க் காத்திருக்கும். ஒரு வயதுக்குள்ளேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும்.

மர்ரே கிரேஃபிஷ் இதற்கு நேர் எதிர். குளிர்ந்த நீர் வேண்டும், நீர் ஓட வேண்டும், அதில் ஆக்சிஜன் நிறைந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதற்கு வாழ்க்கை இல்லை. இந்தப் பக்கத்தில் வரும் மற்ற பதில்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு செய்தியிலிருந்து பிறப்பவைதான். எங்கே வாழ்கிறது, ஏன் குளிர்காலத்தில் மட்டும் பிடிக்கிறோம், ஏன் குறைந்துகொண்டே போகிறது என்ற எந்தக் கேள்வியைக் கேட்டாலும் கடைசியில் ஓடும் நீரிடம்தான் வந்து நிற்போம். யாபியைப் பிடித்துப் பழகியவர்கள் அதே மனக்கணக்கோடு இதையும் அள்ளுவதுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது.

எந்த ஆறுகளில் இருக்கிறது?

மர்ரே–டார்லிங் படுகை ஆஸ்திரேலியாவின் நிலப்பரப்பில் சுமார் ஏழில் ஒரு பங்கு; 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்தது. அவ்வளவு பெரிய படுகையில் இந்த உயிர் வாழ்வது தெற்குப் பகுதியில் மட்டும்தான். சுமார் 2,500 கிலோமீட்டர் நீளமுள்ள மர்ரே, அதில் கலக்கும் மர்ரம்பிட்ஜி, இவற்றின் கிளையாறுகள் சில. வடக்கிலிருந்து கலங்கலாக, வெதுவெதுப்பாக வரும் டார்லிங் இதற்கு ஒத்துவராத ஆறு.

ஆற்றுக்குள் இடம் தேடினால், கரை செங்குத்தாக இறங்கும் களிமண் பகுதி, நீருக்குள் சாய்ந்து கிடக்கும் பெருமரங்கள், பாறை இடுக்குகள். அங்கே வளை தோண்டியோ ஒண்டியோ இருக்கும். ஆற்றை விட்டுப் பிரிந்து தேங்கிக் கிடக்கும் பழைய வளைவுகளில், அதாவது ஆஸ்திரேலியர்கள் ‘பில்லபாங்’ என்று சொல்லும் குட்டைகளில், இதைத் தேடுவது வீண் வேலை. அங்கே யாபிதான்.

ஒரு காலத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவின் மர்ரே பிரிட்ஜ் ஊர் வரை ஆற்றின் கீழ்ப்பகுதி முழுக்க இது இருந்தது. இன்று மில்டூராவுக்குக் கீழே போனால் பழைய கதையாக மட்டுமே கேட்கலாம்.

கீழ்ப்பகுதியிலிருந்து ஏன் மறைந்தது?

முதல் காரணம் தடுப்பணைகள். 1922-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் பிளான்ச்டவுனில், படகுகளை ஏற்றி இறக்கும் முதல் மடைப்பூட்டும் அதோடு தடுப்பணையும் கட்டி முடிக்கப்பட்டன. அதன் பின் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தவை, ஓடிக்கொண்டிருந்த ஆற்றைப் படிப்படியான நீண்ட குளங்களாக மாற்றின. படகுப் போக்குவரத்துக்கும் பாசனத்துக்கும் அது வசதி. கிரேஃபிஷுக்கோ, நீர் ஓட்டம் நின்றது, வண்டல் படிந்து வளைகள் மூடின, கோடையில் நீர் சூடேறியது. அதோடு பல பத்தாண்டுகள் கட்டுப்பாடின்றிப் பிடித்தது, வயல்களிலிருந்து கலந்த பூச்சிமருந்து, படகு போக இடைஞ்சல் என்று ஆற்றில் கிடந்த மரங்களை இழுத்து அகற்றியது எல்லாம் சேர்ந்தன. நீருக்குள் கிடக்கும் ஒரு பழைய மரம் இந்த உயிருக்கு வீடு. அந்த மரத்தின் மேல் படரும் பாசியும் மக்கிய பட்டையும் உணவு. மரத்தை எடுத்தால் இரண்டும் ஒரே நாளில் போய்விடும்.

ஆல்பரிக்கு மேலே 1936-இல் முடிந்த ஹியூம் அணையின் கதை வேறு விதமானது. அணையின் ஆழத்திலிருந்து திறக்கப்படும் நீர் கோடையிலும் சில்லென்று வருகிறது. முட்டையிட இளஞ்சூடு தேவைப்படும் மர்ரே காட் மீனுக்கு அது பெருங்கேடு. கிரேஃபிஷோ அந்தக் குளிர்ந்த ஓட்டத்தில் தாக்குப்பிடித்து நிற்கிறது. ஹியூமுக்கும் யாரவோங்காவுக்கும் இடைப்பட்ட ஆறு இன்றும் இதன் முக்கியமான இருப்பிடங்களில் ஒன்று. இதை வைத்துக்கொண்டு ‘அணை நல்லது’ என்று யாராவது வாதாடினால் நான் ஏற்க மாட்டேன். ஒரே அணை ஓர் உயிரைத் துரத்தி இன்னோர் உயிருக்கு இடம் கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

என்ன சாப்பிடும்? அதை எது சாப்பிடும்?

மக்கும் இலை, மரத்துண்டு, அவற்றின் மேல் படிந்த நுண்ணுயிர்ப் படலம், செத்த மீன், கிடைத்தால் சிறு உயிர்கள். ஆற்றின் அடியில் குப்பை சேராமல் அதைத் தின்று, அரைத்து, மற்ற உயிர்களுக்குப் பயன்படும்படி ஆக்கிவிடுகிறது. சின்ன வயதில் இதைத் தின்பதற்கு மர்ரே காட், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ட்ரவுட், ரெட்ஃபின் மீன்கள், நீர்க்காகம், ராக்கலி என்னும் நீர் எலி எனப் பெரிய வரிசையே காத்திருக்கிறது. நன்றாக வளர்ந்த பிறகு பெரிய காட் மீனும் மனிதரும் தவிர எதிரி குறைவு.

எப்படி இனப்பெருக்கம் செய்கிறது? எவ்வளவு காலம் வாழும்?

இதைத்தான் எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இலையுதிர்காலத்தின் முடிவில், மே மாத வாக்கில், ஆற்று நீர் குளிரத் தொடங்கும்போது இணை சேர்கின்றன. பெண் தன் முட்டைகளை வாலின் அடியில் உள்ள சிறு துடுப்புக் கால்களில் ஒட்டிக்கொள்கிறது. சில நூறிலிருந்து 2,000 வரை இருக்கும். தாய் பெரிதாக இருந்தால் முட்டையும் அதிகம். அன்றிலிருந்து குளிர்காலம் முழுவதும் வாலை உட்பக்கமாக மடித்து மூடிக்கொண்டு, அந்தத் துடுப்புக் கால்களை அசைத்து அசைத்து முட்டைகளுக்குப் புது நீர் காட்டிக்கொண்டே இருக்கும். அக்டோபர், நவம்பரில் குஞ்சு பொரிக்கும். பொரித்தவுடன் ஓடிவிடாது, வெளிறிய சிறு உருவங்களாகத் தாயின் வாலடியிலேயே தொங்கிக்கொண்டு சில வாரங்கள் இருந்து, கோடை தொடங்கும்போதுதான் பிரிந்து போகும்.

ஆக, ஒரு தலைமுறைக்கு ஒரு தாய் ஆண்டில் பாதிக்கு மேல் செலவிடுகிறது. அந்தத் தாயாக ஆவதற்கே ஆறிலிருந்து ஒன்பது, பத்து ஆண்டுகள் பிடிக்கும். ஆயுள் 25 ஆண்டுகளைத் தாண்டும் என்று கணிக்கப்படுகிறது. நீங்கள் கையில் பிடித்திருக்கும் பெரிய கிரேஃபிஷ், உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளியில் சேரும் முன்பே அந்த ஆற்றில் இருந்ததாக இருக்கலாம். இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிரை வேகமாக எடுத்தால் ஆறு ஈடுகொடுக்காது. இதற்கு மேல் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை.

ஓட்டின் மேல் வெள்ளையாக ஏதோ ஊர்கிறதே, நோயா?

இல்லை. டெம்னோசெஃபாலிட் என்னும் சிறு தட்டைப்புழுக்கள். கிரேஃபிஷின் முதுகு, கொடுக்கின் இடுக்கு, செவுள் அறை ஆகிய இடங்களில் குடியிருந்து, நீரில் வரும் நுண்ணுயிர்களைத் தின்று பிழைப்பவை. உற்றுப் பார்த்தால் விரல்கள் போன்ற முன்நீட்சிகளால் தாவித் தாவி நடப்பது தெரியும். ஓட்டின் மேல் மணல் துகள் போல ஒட்டியிருப்பவை அவற்றின் முட்டைக் கூடுகள். கிரேஃபிஷுக்குத் தீங்கில்லை, சமைத்துச் சாப்பிடும் மனிதருக்கும் தீங்கில்லை. சுரண்டி எடுக்க முயன்று விலங்கை வதைக்காதீர்கள்.

ஒரு கொடுக்கு மட்டும் சிறியதாக இருக்கிறதே?

சண்டையிலோ வலையிலோ பழைய கொடுக்கு போயிருக்கும். புதிது முளைத்து வருகிறது. ஓடு கழற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகும். குஞ்சுகள் ஆண்டில் பலமுறை ஓடு கழற்றும். வளர்ந்தவை ஆண்டுக்கு ஒருமுறை அளவில்தான். எனவே இழந்த கொடுக்கு முழு அளவுக்கு வர ஆண்டுகள் ஆகும். கொடுக்கைப் பிடித்துத் தூக்காதீர்கள் என்று சொல்வது உங்கள் விரலுக்காக மட்டும் அல்ல.

பிடிப்பது சட்டப்படி சரியா?

இடத்தைப் பொறுத்தது. நியூ சவுத் வேல்ஸில் 2013 முதல் இது ‘பாதிக்கப்படக்கூடிய இனம்’ என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் சில பகுதிகளில் கடுமையான கட்டுப்பாட்டோடு பொழுதுபோக்கு மீன்பிடிப்பு அனுமதிக்கப்படுகிறது. விக்டோரியாவிலும் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருந்துகொண்டே, கட்டுப்பாட்டோடு அனுமதி. தெற்கு ஆஸ்திரேலியாவிலும் கான்பெர்ரா தலைநகரப் பகுதியிலும் தொடவே கூடாது.

அனுமதி உள்ள இரண்டு மாநிலங்களிலும் பருவம் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. ஓட்டின் நீளம் 10 செ.மீ.க்குக் குறையவும் கூடாது, 12 செ.மீ.க்கு மேல் போகவும் கூடாது. முட்டையோ குஞ்சோ சுமக்கும் பெண்ணை உடனே ஆற்றில் விட வேண்டும். முட்டையைச் சுரண்டிவிட்டு எடுத்துப் போவது குற்றம். நியூ சவுத் வேல்ஸில் ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டுதான் எடுக்கலாம். தலையையோ வாலையோ ஆற்றங்கரையிலேயே பிய்த்துவிடக் கூடாது, அளவு பார்க்க முடியாமல் போகும் என்பதால். எந்தெந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பது மாறக்கூடியது. கிளம்பும் முன் அந்தந்த மாநில மீன்வளத் துறையின் நடப்பு விதிகளைப் படித்துவிடுங்கள்.

இன்னொன்று, பலர் அபராதம் கட்டுவது இதில்தான். மர்ரே ஆறு இரண்டு மாநிலங்களுக்கும் எல்லை என்பதால் நடுவில் பாதி பாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. தெற்குக் கரை வரை ஆறு நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம். விக்டோரியாக் கரையில் உட்கார்ந்து வலை போட்டாலும் அந்த ஆற்றில் நியூ சவுத் வேல்ஸ் உரிமமும் விதியும்தான் செல்லும். ஹியூம் ஏரி மட்டும் விதிவிலக்கு. அங்கே விக்டோரியாவின் விதி.

அளவை எங்கிருந்து எங்கே எடுப்பது?

கண் குழியின் பின்விளிம்பிலிருந்து, முதுகோடு முடிந்து வால் தொடங்கும் இடம் வரை. மூக்கு முள்ளும் வாலும் கணக்கில் சேராது. துணிக்கடை நாடா வேண்டாம், வளைந்து ஏமாற்றும். தூண்டில் கடைகளில் கிடைக்கும் கெட்டியான அளவுகோலை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரியதையும் விடச் சொல்கிறார்களே, ஏன்? சிறியதை விடுவதுதானே முறை?

நியாயமான கேள்வி. முன்பு அளவு 9 செ.மீ.யில் தொடங்கியது. பல இடங்களில் பெண்கள் முதிரும் அளவே ஏறக்குறைய அதுதான். ஒருமுறைகூட முட்டை சுமக்காத பெண்ணும் கறிச்சட்டிக்குப் போகும் நிலை இருந்தது. கீழ் வரம்பை 10 ஆக்கியதால் அவற்றுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. மேல் வரம்பு பெரிய தாய்களுக்காக. பெரிய தாய் அதிக முட்டை சுமக்கும். அவற்றை எடுத்துவிட்டால் சிறியவை பல சேர்ந்தும் அந்த இடத்தை நிரப்ப நாளாகும்.

குளிர்காலத்தில் மட்டும் பிடிக்க விடுவதிலும் ஒரு நன்மை இருக்கிறது. அப்போதுதான் இது சுறுசுறுப்பாக நடமாடும் என்பது ஒரு காரணம். முதிர்ந்த பெண்களில் பெரும்பாலானவை அந்த மாதங்களில் முட்டையோடு இருப்பதால், திருப்பிப் பார்த்தவுடன் தாய் எது என்று தெரிந்துவிடும் என்பது இன்னொன்று.

எப்படிப் பிடிப்பது, எப்படித் திரும்ப விடுவது?

வளைய வலைதான் முறை. இரும்பு வளையத்தில் கட்டிய வலையின் நடுவே மீன் தலையையோ இறைச்சித் துண்டையோ கட்டி, கரையோர ஆழத்தில் இறக்கிவிட்டு, அவ்வப்போது சீராக இழுத்துத் தூக்க வேண்டும். நான்கு பக்கமும் மூடி, சிறு வாயில் வழியாக உள்ளே இழுக்கும் ‘ஆப்பரா ஹவுஸ்’ கூண்டுகளை விக்டோரியா 2019-இலும் நியூ சவுத் வேல்ஸ் 2021-இலும் தடை செய்துவிட்டன. காற்றைச் சுவாசிக்கும் பிளாட்டிபஸ், ஆமை, நீர் எலி ஆகியவை உள்ளே மாட்டி மூச்சுத் திணறிச் செத்ததுதான் காரணம். பழைய கூண்டு வீட்டில் கிடந்தால் ஆற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வலையில் வந்ததை, கொடுக்குகளுக்குப் பின்னால் முதுகோட்டை அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகத் திருப்பி வாலடியைப் பாருங்கள். வாலை இறுக்கி மடித்துக்கொண்டு விரிக்க மறுத்தால் பெரும்பாலும் முட்டை இருக்கிறது; வலுக்கட்டாயமாக விரிக்க வேண்டாம், ஓரத்தில் எட்டிப் பார்த்தாலே நெருக்கமாக ஒட்டிய முட்டைகள் தெரியும். அதை அளக்கவும் வேண்டாம், புகைப்படத்துக்காக நிறுத்திவைக்கவும் வேண்டாம். பிடித்த அதே இடத்தில், கரையோர நீரில் கையைத் தாழ்த்தி விட்டுவிடுங்கள். படகிலிருந்து வீசினால் முட்டைகள் உதிரும். இறங்கிப் போகும் வழியில் மீன்களும் தாக்கும்.

‘கரும்நீர்’ வந்தால் கிரேஃபிஷ் கரையேறும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அது கொடுமையான காட்சி.

மர்ரேயின் இருபுறமும் ரெட் கம் என்னும் யூகலிப்டஸ் காடுகள். அவற்றின் இலையும் பட்டையும் வெள்ளச் சமவெளியில் உதிர்ந்துகொண்டே இருக்கும். முன்பெல்லாம் சிறு வெள்ளங்கள் அடிக்கடி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் போகும். அணைகள் அந்தச் சிறு வெள்ளங்களை நிறுத்திவிட்டன. பல ஆண்டுச் சருகு குவிந்து கிடக்கும் நிலத்தில், சூடான மாதத்தில் பெருவெள்ளம் ஏறினால், நீர் கடுந்தேநீர் நிறத்தில் ஆற்றுக்குத் திரும்புகிறது. அதில் கரைந்த சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உறிஞ்சி முடித்துவிடுகின்றன. ஒரு லிட்டரில் 2 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கினால் மீன்கள் சாகும். கிரேஃபிஷுக்குக் கால் இருப்பதால் அது நடந்து கரையேறும். மரவேரிலும் சேற்றிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, ஈரம் காயாத செவுளால் காற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். வெயில் ஏறினால் அங்கும் பிழைக்க முடியாது.

1990களின் தொடக்கத்திலேயே பார்மா–மிலேவா காட்டருகே இது நடந்திருக்கிறது. யோர்ட்டா யோர்ட்டா என்னும் பூர்வகுடி மக்களின் மண் அது. ஆனால் பேரழிவு 2010–11-இல் வந்தது. பத்தாண்டுக்கு மேல் நீடித்த பெரும் வறட்சி முடிந்து வந்த வெள்ளத்தில், பாதிக்கப்பட்ட மர்ரே பகுதிகளில் கிரேஃபிஷ் எண்ணிக்கை ஏறக்குறைய 80 சதவீதம் விழுந்துவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் இதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்ததற்கும் அளவு விதிகள் இறுகியதற்கும் பின்னணி அதுதான். 2016-இலும் 2022–23-இலும் மறுபடி கரும்நீர் வந்தது.

கரையேறி நிற்பதை ‘எளிதாகக் கிடைத்தது’ என்று அள்ளிப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். கரும்நீர் நிகழ்வுகள் பெரும்பாலும் பிடிப்புப் பருவத்துக்கு வெளியே நடப்பவை; அப்போது எடுத்தால் குற்றம். குற்றம் என்பதைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், அந்த ஆற்றுப் பகுதியில் அடுத்த பத்தாண்டுக்கு விதையாக மிஞ்சியவை கரையேறிய அந்தக் கிரேஃபிஷ்கள்தான்.

இறந்துபோன பகுதிக்கு மேலிருந்து தானாகவே வந்து நிரம்பாதா?

வராது, அல்லது மிக மிக மெதுவாக வரும். மீனைப் போல இது நீண்ட தூரம் இடம்பெயர்வதில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியைத் தன் வளையைச் சுற்றிய சிறு இடத்திலேயே கழிக்கிறது. குஞ்சும் தாயிடமிருந்து நேரே அடித்தளத்தில் இறங்குகிறது. கடல் இறாலின் குஞ்சு போல நீரோட்டத்தில் மிதந்து பரவாது. அதனால்தான் ஆரோக்கியமான பகுதிகளிலிருந்து எடுத்துவந்து மறுபடி குடியேற்றும் முயற்சிகள் நடக்கின்றன. அண்மை ஆண்டுகளில் தெற்கு ஆஸ்திரேலியப் பகுதியிலும் அப்படி ஒரு தொடக்கம் ஏற்பட்டிருக்கிறது. கரும்நீர் வரும்போது கரையேறியவற்றை அதிகாரிகள் மீட்டுத் தொட்டியில் காத்து, நீர் தெளிந்த பின் திரும்ப விடுவதும் உண்டு.

பண்ணையில் வளர்க்கலாமா? வீட்டுத் தொட்டியில்?

பண்ணைக்கு உதவாது, விற்கும் அளவுக்கு வளர இத்தனை ஆண்டு யார் தீனி போடுவார்கள்? ஆஸ்திரேலியப் பண்ணைகளில் வளர்வது யாபி, மேற்கு ஆஸ்திரேலியாவின் மாரன், வடக்கின் ரெட்கிளா. வீட்டுத் தொட்டிக்கும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் இப்படி ஒன்று உண்டா?

இந்தியாவுக்கு உரிய கிரேஃபிஷ் எதுவும் இல்லை. நம் ஆறுகளில் இருப்பது நன்னீர் இறாலும் நண்டும். ஆனால் வண்ண மீன் கடைகளில் வெளிநாட்டு கிரேஃபிஷ் விற்கப்படுகிறது. குறிப்பாக அமெரிக்கச் சிவப்பு கிரேஃபிஷ். அலுத்துப்போனது என்று அதை ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். எங்கும் பிழைத்துப் பெருகும், வரப்பைத் துளைக்கும். அமெரிக்க இனங்கள் சுமக்கும் ஒரு பூஞ்சை போன்ற நோய் ஐரோப்பாவின் சொந்த கிரேஃபிஷ்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றிருக்கிறது. ஆஸ்திரேலிய இனங்களுக்கும் அதைத் தாங்கும் சக்தி இல்லை. உயிருள்ள கிரேஃபிஷை அந்நாட்டுக்குள் யாரும் கொண்டுவரக் கூடாது என்ற விதி அவ்வளவு கண்டிப்பாக இருப்பது இதனால்தான்.

விதி மீறுபவர்களைப் பார்த்தால் யாரிடம் சொல்வது?

நேரில் தகராறு வேண்டாம். நியூ சவுத் வேல்ஸ் நீரில் என்றால் 1800 043 536, விக்டோரியாவில் என்றால் 13 3474. இடம், நேரம், வண்டி எண் இருந்தால் போதும். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. கரும்நீரில் கிரேஃபிஷ் கரையேறுவதையோ மீன் செத்து மிதப்பதையோ பார்த்தாலும் தாமதிக்காமல் அந்த மாநில மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள்.